வாரம் முழுக்க நின்றால் வண்டி எழுவதில்லை: பேட்டரிதான் காரணமா?

கேள்வி, 9 மார்ச் 2024

அறந்தாங்கி பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை நான். 2015 மாடல் பெட்ரோல் கார், மூன்று வருடம் முன்பு பழைய வண்டியாக வாங்கியது. பள்ளிக்குப் பஸ்ஸில் போய்விடுவேன். திங்கள் முதல் வெள்ளி வரை வண்டி வாசலில் நிற்கும். சனிக்கிழமை சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரி போட்டு ஏழு மாதம்தான், 35 ஆம்பியர்-மணி கொள்ளளவு. கடைக்காரர் பேட்டரி போய்விட்டது என்கிறார். மெக்கானிக் தினமும் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வையுங்கள் என்கிறார். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். இன்னொரு நாலாயிரம் போடலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்கள்.

9 மார்ச், இரவு

போடாதீர்கள் டீச்சர். இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

நான் காரைக்குடி. இதே கதையில் பதினான்கு மாதத்துக்குள் இரண்டு பேட்டரி வாங்கியவன். இரண்டுமே நல்ல பேட்டரிகள். கோளாறு வேறு இடத்தில் இருந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சார்ஜ் நிற்காத வண்டியில் கேட்க வேண்டியது மூன்று. பேட்டரி சார்ஜைப் பிடித்து வைக்கிறதா? ஓடும்போது ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்ற மின்சாரம் தரும் கருவி) அதற்குச் சார்ஜ் கொடுக்கிறதா? நிற்கும்போது வண்டியில் ஏதாவது திருட்டுத்தனமாகக் குடிக்கிறதா? இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் யார் எதை மாற்றச் சொன்னாலும் அது ஊகம்.

எலெக்ட்ரிகல் கடையில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். என்னுடையது 450 ரூபாய். டி.சி. 20 வோல்ட் என்ற இடத்தில் திருப்பி, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். 12.6க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி. 11.8க்கு வந்தால் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5க்குள் காட்ட வேண்டும்.

நாளை யாருடைய வண்டியிலிருந்தாவது ஜம்பர் (இரண்டு பேட்டரிகளை இணைக்கும் கேபிள்) போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு அளந்து எழுதுங்கள்.

9 மார்ச், இன்னும் கொஞ்சம் கழித்து

ஜம்பர் போடும் வரிசையைச் சொல்லாமல் விட்டேன். சிவப்பு முதலில் உங்கள் பேட்டரி பிளஸ்ஸில், பிறகு உதவிக்கு வந்த வண்டியின் பிளஸ்ஸில். கறுப்பு அந்த வண்டியின் மைனஸில். கறுப்பின் மறுமுனையை உங்கள் பேட்டரியில் வைக்காதீர்கள், இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு இரும்பில் கவ்வ வையுங்கள். கடைசி இணைப்பில் பொறி வரும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். இரண்டும் ஒரே இடத்தில் சேரக்கூடாது.

10 மார்ச், இரவு

டீச்சர் எழுதியது: புதுக்கோட்டை வரை போய் வந்தேன், இறங்கியதும் அளந்தேன், 12.9 காட்டுகிறது, அப்படியானால் பேட்டரி நன்றாக இருக்கிறது அல்லவா?

தவறு என்னுடையது. எப்போது அளக்க வேண்டும் என்று நேற்று எழுதவில்லை. ஓட்டி நிறுத்தியவுடன் காட்டும் அளவு மேல்பூச்சு. தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் சார்ஜ் ஏறி நிற்கும், உள்ளே பாதிகூட இருக்காது. இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் கதவைத் திறப்பதற்கு முன் அளக்க வேண்டும். அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளக்கலாம்.

அப்புறம், ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும் என்ற தொனியில் எழுதிவிட்டேன். அதுவும் சரியில்லை. படுத்துவிட்ட பேட்டரி ஆரம்பத்தில் வேகமாக வாங்கும், நிரம்ப நிரம்ப மெதுவாகத்தான் வாங்கும். கடைசி இருபது சதவீதம் ஏற மணிக்கணக்காகும். சோதனையை நிறைந்த பேட்டரியில் தொடங்கினால்தான் எண்கள் உண்மை பேசும். பேட்டரியைக் கழற்றி, சார்ஜ் போடும் கடையில் ஒரு இரவு விடுங்கள். 35 ஆம்பியர்-மணிக்கு மூன்று, மூன்றரை ஆம்பியரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். வேகமாகப் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் அங்கேயே ஷார்ட்.

11 மார்ச்

காலை அளவு 12.31. நேற்று மாலை 12.9 காட்டிய அதே பேட்டரி. ஓடும்போது 14.2. ஆகவே ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கிறது. மூன்று கேள்வியில் ஒன்று தீர்ந்தது. பேட்டரி இன்று கடைக்குப் போகிறது.

இதற்கிடையில் ஒருவர் கேட்டிருக்கிறார்: கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் பேட்டரியை இழுக்குமா? இழுக்காது. அதற்கு மின் இணைப்பே கிடையாது. சுங்கச்சாவடிக் கருவி அனுப்பும் அலையிலிருந்துதான் தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்கிறது.

12 மார்ச்

சார்ஜ் முடிந்து சில மணி நேரம் கழித்து 12.68. நிறைந்துவிட்டது.

இப்போது எல்லாவற்றிலும் எளிய சோதனை. ஆம்பியர் அளக்க வேண்டாம், ஒரு ஸ்பேனர் போதும். பேட்டரியை வண்டியில் வைத்து, மைனஸ் டெர்மினலை மாட்டாமல் இரண்டு இரவு விடுங்கள். அளவு இறங்கினால் பேட்டரி குற்றவாளி. இறங்காவிட்டால் வண்டி குற்றவாளி. பிறகு மாட்டி ஒரு நாள் விட்டு மறுபடி அளங்கள்.

டெர்மினலைக் கழற்றினால் கடிகாரமும் ரேடியோ நிலையங்களும் அழியும். அது பரவாயில்லை. சாவியை மட்டும் வண்டிக்குள் வைக்காதீர்கள். சென்ட்ரல் லாக் சில வண்டிகளில் மின்சாரம் திரும்ப வரும்போது தானாகப் பூட்டிக்கொள்ளும்.

13 மார்ச், இரவு

டீச்சரின் அளவு வரும்வரை என் கதை.

என்னுடையது 2013 பெட்ரோல் வண்டி. அம்மாவுக்கு மதுரையில் கண் அறுவை சிகிச்சை. காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், ஆகவே நான்கு மணிக்கே கிளம்பினோம். வண்டி இரண்டு நாள் நின்றிருந்தது. சாவியைத் திருப்பினேன், டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட வரவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனை எழுப்பித் தெருக்கோடி வரை தள்ளினோம். எழவில்லை. இன்ஜெக்ஷன் வண்டியில் பேட்டரி அடியோடு காலியானால் தள்ளிப் பயனில்லை. பெட்ரோல் பம்ப்பும் கம்ப்யூட்டரும் உயிர் பெற்றால்தான் இன்ஜின் எழும். பழைய கார்புரேட்டர் வண்டி மாதிரி கிடையாது. அம்மா வாசல் திண்ணையில் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. அறுவை மறுநாளுக்குப் போனது.

அன்று வாங்கியது முதல் பேட்டரி. அது எட்டு மாதம் கழித்துப் படுத்தது. உத்தரவாதத்தில் மாற்றித் தர மறுத்தார்கள், அடிக்கடி முழுக்கக் காலியாகி இருக்கிறது என்று. இரண்டாவது வாங்கினேன். அதுவும் ஆறு மாதத்தில் இரண்டு இரவு தாங்கவில்லை.

மூன்றாவது வாங்கக் கிளம்பியவனைத் தடுத்தது செக்காலைப் பக்கம் ஒரு வயதான ஆட்டோ எலெக்ட்ரீஷியன். காலை ஆறரைக்கு வீட்டுக்கே வந்தார். மீட்டர் எதையும் எடுக்கவில்லை. பானட்டைத் திறந்து ஆல்டர்னேட்டர் மேல் உள்ளங்கையை வைத்தார். என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். "தம்பி, ராத்திரி பூரா நின்ன வண்டி. மத்ததெல்லாம் ஜில்லுனு இருக்கு. இது மட்டும் ஏன் வெதுவெதுன்னு இருக்கு?"

ஆல்டர்னேட்டருக்குள் டையோடுகள் இருக்கும். அவை ஒருவழிக் கதவு. ஆல்டர்னேட்டரில் பிறக்கும் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பும், திரும்பி வர விடாது. என் வண்டியில் ஒரு டையோடு பழுதாகி, நிற்கும்போதெல்லாம் பேட்டரியிலிருந்து மின்சாரம் பின்னோக்கி அதற்குள் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அளந்தபோது 0.7 ஆம்பியர். ஒரு நாளைக்கு 16.8 ஆம்பியர்-மணி. இரண்டு நாளில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி காலி. கணக்கு அப்படியே பொருந்தியது. ஓடும்போது 14.1 காட்டிக்கொண்டே இருந்ததால் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

அவர் ஆல்டர்னேட்டரை இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார். டையோடு தகட்டை மாற்றினார். அந்த இரண்டாவது பேட்டரி அதன் பிறகு மூன்று வருடம் உழைத்தது.

14 மார்ச்

டெர்மினல் கழற்றி இரண்டு இரவு விட்டதில் 12.68லிருந்து 12.66. பேட்டரி நிரபராதி. இன்று காலை மாட்டியிருக்கிறார்கள்.

நேற்று நான் எழுதியதைப் படித்த திண்டுக்கல் நண்பர் ஒருவர் சொல்கிறார், ஆல்டர்னேட்டரைச் சோதிக்க இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கலாம், வண்டி அணையாமல் ஓடினால் ஆல்டர்னேட்டர் நல்லது என்று. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அம்பாசிடர் காலத்து வழக்கம் அது. ஓடும் வண்டியில் பேட்டரியைப் பிரித்தால் மின்னழுத்தம் ஒரு நொடியில் பல மடங்கு எகிறும். இன்றைய வண்டியில் கம்ப்யூட்டர், ஏர்பேக் யூனிட், மீட்டர் போர்டு எல்லாம் அதே கம்பியில் தொங்குகின்றன. 450 ரூபாய் மீட்டர் சொல்லும் விஷயத்துக்காக அவ்வளவு விலையுள்ள பொருள்களைப் பணயம் வைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

டையோடைப் பார்க்க வேறு வழி உண்டு. இன்ஜின் ஓடும்போது மீட்டரை ஏ.சி., அதாவது மாறுமின்சார வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் அளக்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடு மீது சந்தேகம் கொள்ளலாம்.

15 மார்ச்

மாட்டி ஒரு நாள் நின்றதில் 12.66லிருந்து 12.45. ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. வண்டிதான் குடிக்கிறது. வாரம் ஐந்து நாள் நின்றால் சனிக்கிழமை ஏன் எழவில்லை என்பதும் புரிகிறது.

நேற்றுச் சொன்ன ஏ.சி. வோல்ட் சோதனையில் டீச்சருக்கு 30 வோல்ட் காட்டியதாம், பயந்துபோய் எழுதியிருக்கிறார். பயப்பட வேண்டாம். மலிவு மீட்டர்களில் பல, ஏ.சி. இடத்தில் வைத்து நேர்மின்சாரத்தைத் தொட்டால் இரண்டு மடங்கு பொய் எண் காட்டும். இன்ஜினை அணைத்துவிட்டு அதே இடத்தில் அளந்து பாருங்கள். அப்போதும் இருபத்தைந்துக்கு மேல் காட்டினால் மீட்டர்தான் பொய் சொல்கிறது. அந்த மீட்டரை வைத்து இந்தச் சோதனையைச் செய்ய முடியாது, விட்டுவிடலாம். இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

கை வைத்துப் பார்க்கும் வழி இருக்கிறதே. நாளைக் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள்.

16 மார்ச், சனி

ஆல்டர்னேட்டர் குளிர்ந்தே இருக்கிறது. என் நோய் அவர்களுக்கு இல்லை. சொந்தக் கோளாறையே எல்லா வண்டியிலும் தேடும் பழக்கம் மெக்கானிக்குகளுக்கு மட்டுமில்லை, எனக்கும் வந்துவிடக்கூடாது.

அடுத்தது ஆம்பியர். மைனஸ் டெர்மினலைக் கழற்றி, டெர்மினலுக்கும் பேட்டரியின் மைனஸ் கம்பத்துக்கும் நடுவில் மீட்டரை வைக்க வேண்டும். வண்டி குடிக்கும் மின்சாரம் முழுக்க மீட்டர் வழியாகத்தான் போகும். எல்லாக் கதவையும் மூடுங்கள், சாவியை எடுத்துவிடுங்கள், மீட்டர் இணைப்பில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்யக்கூடாது.

16 மார்ச், மாலை

மீட்டர் செத்துவிட்டது என்று டீச்சர் எழுதியிருக்கிறார். எதைத் தொட்டாலும் ஆம்பியர் பூஜ்யம்.

செத்தது மீட்டரின் உள்ளே இருக்கும் சின்ன ஃபியூஸ். சிவப்பு முனையை 10 ஆம்பியர் என்று எழுதிய தனித் துளைக்கு மாற்றச் சொல்ல மறந்துவிட்டேன். வோல்ட்டும் மில்லி ஆம்பியரும் அளக்கும் துளையிலேயே இருந்திருக்கிறது. டெர்மினல் பட்ட கணத்தில் வண்டியின் எல்லா எலெக்ட்ரானிக் பெட்டிகளும் விழித்துச் சில ஆம்பியர் இழுக்கும். அந்தச் சின்ன ஃபியூஸ் தாங்காது. பின்மூடியைத் திறந்து அதே அளவு கண்ணாடி ஃபியூஸ் போட்டால் சரி.

முழுமையாக எழுதுகிறேன், இனி யாரும் இதில் மாட்டக்கூடாது.

சிவப்பு முனை 10 ஆம்பியர் துளையில். ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவின் பூட்டு நாக்கை ஒரு ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டு வாருங்கள். கதவு திறந்திருந்தாலும் வண்டி மூடியதாக நினைத்துத் தூங்கும், ஃபியூஸ் பெட்டியை நீங்கள் எட்டலாம். (வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும்.) பிறகு குறைந்தது நாற்பது நிமிடம் காத்திருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் காட்டும் எண்ணுக்கு மதிப்பே இல்லை. தூங்கிய வண்டி 0.02 முதல் 0.05 ஆம்பியர் எடுப்பது இயல்பு. கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் நினைவு எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் சிவப்பு முனையைப் பழைய துளைக்கு மாற்றிவிடுங்கள். 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது மறந்துபோய் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தால் அது நேரடி ஷார்ட். முனை உருகும், கை சுடும்.

17 மார்ச், ஞாயிறு

டீச்சரின் மகன் ஒன்பதாம் வகுப்பு. மீட்டரை அவன்தான் பிடித்திருக்கிறான், அம்மா கடிகாரம் பார்த்திருக்கிறார். முதலில் 2.8. பத்து நிமிடத்தில் 0.6. நாற்பத்தைந்தாவது நிமிடம் 0.31, அதற்குக் கீழே இறங்கவில்லை.

0.31ஐ 24ஆல் பெருக்கினால் நாளைக்கு 7.4 ஆம்பியர்-மணி. 35ல் ஐந்தில் ஒரு பங்கு. வெள்ளிக்கிழமை வோல்ட் கணக்கும் அதையேதான் சொன்னது. இரண்டு வேறு வழியில் அளந்து ஒரே விடை வந்தால் நிம்மதியாக அடுத்த அடி வைக்கலாம்.

மெக்கானிக் சொன்ன பத்து நிமிடத்தையும் இதோடு வைத்துப் பாருங்கள். ஐட்லிங்கில் பத்து நிமிடத்தில் ஏறுவது ஒரு ஆம்பியர்-மணி, மிஞ்சினால் இரண்டு. போவது ஏழரை. பெட்ரோல்தான் செலவாகும்.

ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்யும்போதும் பேட்டரி பாதி காலியாகும் என்று சிலர் நம்புகிறார்கள். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுத்தாலும் இழுப்பது இரண்டு நொடி. அது 0.08 ஆம்பியர்-மணி. டீச்சரின் வண்டி சும்மா நிற்கும் பதினாறு நிமிடத்தில் அவ்வளவு போய்விடுகிறது.

இப்போது ஃபியூஸ் வேட்டை. ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது ஆம்பியர் விழுகிறது என்று பாருங்கள்.

17 மார்ச், ஒரு மணி நேரம் கழித்து

மேலே எழுதியதை மாற்றுகிறேன். ஃபியூஸைக் கழற்றி மாட்டினால் தூங்கும் பெட்டிகள் மறுபடி விழிக்கும், மறுபடி நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். பழைய வண்டிக்கு அந்த வழி சரி. இந்த வண்டிக்குக் கழற்றாமலே பார்க்கலாம். ஒவ்வொரு ஃபியூஸின் முதுகிலும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். இப்போது டெர்மினலை நேராகப் பேட்டரியில் மாட்டி, வண்டியை மறுபடி தூங்க விடுங்கள். மீட்டரின் சிவப்பு முனையைப் பழைய துளைக்கு மாற்றி, 200 மில்லி வோல்ட்டில் வைத்து அந்த இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். மின்சாரம் ஓடாத ஃபியூஸ் 0.0 காட்டும். ஓடுவது ஏதாவது எண் காட்டும், ஒரு மில்லி வோல்ட் ஆனாலும்.

18 மார்ச்

முப்பத்திரண்டு ஃபியூஸில் ஒன்றுதான் பேசியது, 1.1 மில்லி வோல்ட். மூடியில் இருக்கும் படத்தின்படி அது உள்விளக்குக்கும் ஆடியோவுக்கும் போகும் 15 ஆம்பியர் ஃபியூஸ். உள்விளக்கு அணைந்திருக்கிறது. டிக்கி விளக்கையும் பார்க்கச் சொன்னேன். அலைபேசியில் வீடியோவைப் போட்டு உள்ளே வைத்து டிக்கியை மூடினால் விளக்கு அணைகிறதா என்று தெரிந்துவிடும். அணைகிறது.

மிச்சம் ஆடியோ. ஆடியோ யாருடையது டீச்சர், கம்பெனி கொடுத்ததா, வெளியே போட்டதா?

18 மார்ச், இரவு

வெளியே போட்டது. பெரிய திரை, ரிவர்ஸ் கேமரா எல்லாம். முன்பு வண்டி வைத்திருந்தவர் போட்டதாம். சாவி இல்லாமலே பாட்டுக் கேட்கிறது, வசதியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்.

அந்த வசதிதான் கோளாறு. வெளியே வாங்கும் ஸ்டீரியோவின் பின்னால் பல நிறத்தில் ஒயர் வரும். மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் கிடைக்கும் இடத்துக்கு, நேரத்தையும் நிலையங்களையும் நினைவில் வைக்க. சிவப்பு சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்துக்கு. சிவப்பில் மின்சாரம் நின்றால்தான் ஸ்டீரியோ தூங்கப் போகும். இரண்டையும் சேர்த்து முறுக்கி எப்போதும் உயிருள்ள ஒயரில் சுற்றிவிட்டால் சாவி இல்லாமல் பாடும். இரவெல்லாம் விழித்தும் இருக்கும். திரையை அணைத்துவிட்டேன் என்று நினைப்போம், உள்ளே அது அணைந்திருக்காது.

பிரித்துப் பார்க்க வேண்டாம், பக்கத்து ஊர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொண்டுபோய் சிவப்பை மட்டும் சாவி லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள். அரை மணி வேலை. சனிக்கிழமை வரை அந்த ஃபியூஸைக் கழற்றியே வையுங்கள்.

20 மார்ச்

டீச்சருக்கு இந்த வாரம் வேலை அதிகம். நான் வேறு சில கேள்விகளுக்கு.

பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டருக்குப் பதில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? கூடாது. அதில் உப்பு குறைந்திருக்கும், இல்லாமல் போயிருக்காது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து இன்வெர்ட்டருக்கு ஊற்றும் வீடுகள் எங்கள் தெருவிலேயே நான்கு. அது காற்றின் ஈரம் குளிர்ந்து விழுவதுதான், ஆனால் தூசி படிந்த தகட்டையும் செம்புக் குழாயையும் தொட்டு வருகிறது. ஒரு பாட்டில் டிஸ்டில்ட் வாட்டர் விலையைப் பார்த்து பேட்டரியைக் கெடுக்காதீர்கள். பேட்டரியில் வற்றியது தண்ணீர் மட்டுமே, அதனால் ஆசிட் சேர்க்கவும் கூடாது.

தண்ணீர் ஊற்றும் மூடி இல்லாத பேட்டரியில், மேலே சார்ஜைக் காட்டும் சின்னக் கண்ணாடியில் பச்சைக் கண் தெரிந்தால் நல்ல பேட்டரி என்று பொருளா? ஒரு பேட்டரிக்குள் ஆறு அறை. கண் இருப்பது ஒரே அறையில். மற்ற ஐந்தும் எப்படி இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது.

எங்கள் ஊர்க்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் போக மனமில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. பேட்டரி, அரிப்பு, மின்முலாம் எல்லாம் அங்கே ஆராய்கிறார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கல் சமயத்தில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். சின்ன வயதில் அந்தச் சுற்றுச்சுவரை ஒட்டி சைக்கிளில் போகும்போது உள்ளே என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. நம் வண்டிகளில் இருக்கும் ஈய-அமில பேட்டரியை காஸ்தோன் பிளாண்டே 1859ல் செய்தார். நூற்று அறுபத்தைந்து வருடம் ஆகியும் அடிப்படை மாறவில்லை: ஈயத் தகடு, ஈய டையாக்சைடு தகடு, நடுவில் கந்தக அமிலம். சார்ஜ் இறங்கும்போது இரண்டு தகட்டிலும் ஈய சல்பேட் படியும், ஏறும்போது கரையும். காலியாகவே பல நாள் விட்டால் அந்தப் படிவு கெட்டிப்பட்டு, பிறகு கரைய மறுக்கும். என் முதல் பேட்டரி செத்தது அப்படித்தான். அதற்கு உத்தரவாதம் தர மறுத்தவர்கள் மேல் அன்று இருந்த கோபம் இன்று எனக்கு இல்லை.

21 மார்ச்

எலி. மூன்று பேர் எலி பற்றிக் கேட்டுவிட்டார்கள். ஆம், ஒயரைக் கடித்து வைத்தால் செம்பு பாடியில் உரசி மெதுவாகக் கசியும். வேட்டை முறை அதே முறைதான்.

23 மார்ச், சனி

ஸ்டீரியோ சிவப்பு ஒயரை மாற்றியாயிற்று. மகன் மறுபடி அளந்திருக்கிறான். நாற்பத்தைந்து நிமிடம் கழித்து 0.09.

நான் அவசரப்பட்டு வாழ்த்து எழுதியிருப்பேன். அவன்தான் கேட்டான், "அங்கிள், நீங்க 0.05ன்னு சொன்னீங்களே?"

சரியான கேள்வி. 0.09 என்றால் நாளைக்கு இரண்டு ஆம்பியர்-மணி. ஐந்து நாளில் வண்டி எழும், பதினைந்து நாள் விட்டால் எழாது. எல்லா ஃபியூஸிலும் 0.0 வருகிறதாம். அப்படியானால் மிச்சம் குடிப்பவர் ஃபியூஸ் பெட்டிக்கு வெளியே இருக்கிறார். பேட்டரி பிளஸ் டெர்மினலில் நேராக மாட்டிய மெல்லிய ஒயர் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஹாரன் ரிலே, ஃபாக் விளக்கு, அலாரம் எல்லாம் அங்கேதான் மாட்டியிருப்பார்கள்.

24 மார்ச், ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டான். பிளஸ் டெர்மினலிலிருந்து ஒரு மெல்லிய சிவப்பு ஒயர் கிளம்பி டேஷ்போர்டுக்கு அடியில் போய், கறுப்பு டேப் சுற்றிய தீப்பெட்டி அளவு பெட்டியில் முடிந்திருக்கிறது. ஜி.பி.எஸ். டிராக்கர். உள்ளே சிம் கார்டு. மூன்று வருடமாக அந்த வண்டியில் அவர்கள் போன இடமெல்லாம் யாராவது பார்த்தார்களா என்று டீச்சர் கேட்கிறார். முன்பு வைத்திருந்தவர் சிம்முக்குப் பணம் கட்டாமல் விட்டிருந்தால் பெட்டி சிக்னல் தேடிக்கொண்டு மட்டுமே இருந்திருக்கும். கழற்றிவிடுங்கள், சிம்மைத் தனியாக எடுத்து வையுங்கள். பழைய வண்டி வாங்கும் எவரும் பேட்டரி டெர்மினலைப் பார்க்க ஒரு நிமிடம் ஒதுக்க வேண்டும். எனக்கே இது இவ்வளவு நாள் தோன்றவில்லை.

கழற்றியபின் 0.03.

25 மார்ச்

பேட்டரியை இன்னொரு இரவு கடையில் முழு சார்ஜ் போடச் சொல்லியிருக்கிறேன். ஏழு மாதத்தில் பல தடவை அடிமட்டம் வரை போயிருக்கிறது. ஸ்டார்ட் செய்யும் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை, ஒரே மூச்சில் நிறையக் கொடுக்கப் பிறந்தவை. அடிவரை காலியாவது அவற்றுக்கு ஆகாது. கொஞ்சம் ஆயுள் குறைந்திருக்கும். கடையில் ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) இருந்தால் ஆறு அறையையும் பார்க்கச் சொல்லுங்கள். அறைக்கு அறை வித்தியாசம் 0.050க்கு மேல் இருந்தால் மட்டும் கவலைப்படலாம்.

26 மார்ச்

ஆறு அறையும் 1.250க்கும் 1.265க்கும் நடுவில். நல்ல பேட்டரி. நாலாயிரம் மிச்சம்.

2 ஏப்ரல்

பைக் பற்றிக் கேட்ட பரமக்குடி தம்பிக்கு: உங்கள் வண்டியில் ஓடும்போதே 12.3க்கு மேல் ஏறவில்லை என்கிறீர்கள். அது இரவில் குடிக்கும் கோளாறு கிடையாது, சார்ஜே வரவில்லை. ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரையும் (மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி அளவோடு பேட்டரிக்கு அனுப்பும் பெட்டி) அதற்குப் போகும் கனெக்டரையும் பாருங்கள். பல சமயம் கனெக்டரின் பிளாஸ்டிக் உருகிப் பழுப்பாகி இருக்கும். கிக்கர் இல்லாத வண்டி, நடுவழியில் நிற்பதற்குள் பார்த்துவிடுங்கள்.

18 ஏப்ரல்

டீச்சருக்கு நாளைத் தேர்தல் பணி. இன்று காலையிலேயே வாக்குச்சாவடிப் பொருள்கள் வாங்கும் இடத்துக்குப் போக வேண்டும். 10ஆம் தேதி நிறுத்திய வண்டி, எட்டு நாள் யாரும் தொடவில்லை. காலை ஐந்து மணிக்கு மகன் மீட்டரோடு இறங்கியிருக்கிறான். 12.51. முதல் சாவியிலேயே எழுந்துவிட்டது என்று போகும் வழியில் டீக்கடையில் நிறுத்தி எழுதியிருக்கிறார்.

0.03, எட்டு நாள், கிட்டத்தட்ட ஆறு ஆம்பியர்-மணி. கணக்கு சரி.

கத்திரி வெயில் முடிந்ததும் தண்ணீர் மட்டத்தை ஒரு தடவை பாருங்கள் டீச்சர். வெயிலில் நிற்கும் வண்டிக்கு அந்த மாதத்தில் சீக்கிரம் குறையும்.